மட்டுப்பாவில் (மொட்டைமாடியில்) விளம்பரப் பலகை வைக்க இடம் கொடுக்கலாமா? பாதுகாப்பு விதிகள் குறித்து ஆலோசனை தேவை

கேள்வி: கட்டட உரிமையாளர், மார்த்தாண்டம்

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று உள்ளது. தரைத்தளத்தில் ஒரு மருந்துக் கடை, முதல் மாடியில் தையல் பயிற்சி நிலையம், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. 1998இல் அப்பா கட்டியது. மேலும் ஒரு மாடி எழுப்பும் எண்ணத்தில், எல்லாத் தூண்களின் கம்பிகளையும் மட்டுப்பாவில் மூன்றடி உயரத்துக்கு விட்டிருந்தார். அந்த மாடி எழும்பவில்லை, கம்பிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

மேம்பாலம் வந்ததிலிருந்து எங்கள் மட்டுப்பா, பாலத்தில் செல்பவர்களின் கண்ணுக்கு நேராக அமைந்துவிட்டது. அதைக் கண்டு ஒரு விளம்பர நிறுவனத்தார் வந்து, 20 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட பலகையைத் தளத்திலிருந்து மூன்றடி தூக்கி வைக்க இடம் கேட்கிறார்கள். மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். தூண் கம்பிகளோடு பலகையின் இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்து, முன்பக்கக் கைப்பிடிச் சுவரில் போல்ட் அடித்து இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்றும், பலகையின் எடை நானூறு கிலோவைத் தாண்டாது என்றும், அனுமதியைத் தாங்களே பார்த்துக்கொள்வதால் எங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்றும் கூறுகிறார்கள். தேவைப்பட்டால் பிறகு இன்னும் ஐந்தடி உயர்த்திக்கொள்வோம் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இதில் சம்மதம் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, பக்கத்துக் கட்டடத்தின் தகரக் கூரை பெயர்ந்து எங்கள் முற்றத்தில் வந்து விழுந்ததை அவர் இன்றும் சொல்வார். எனக்கோ, அந்த வாடகை வந்தால் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவும் என்ற எண்ணம் இருக்கிறது. கட்டடம் இதைத் தாங்குமா, விதிகள் என்ன சொல்கின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். முன்சுவரிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி தள்ளி 11 கே.வி. (11,000 வோல்ட்) மின்கம்பி செல்கிறது என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

பதில்: கட்டமைப்புப் பொறியாளர், நாகர்கோவில்

ஐயா, உங்கள் தந்தையாரின் அச்சம் நியாயமானது. நானூறு கிலோ என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவையுங்கள். மொட்டைமாடியில் நிற்கும் பலகையைப் பொறுத்தவரை அது கீழ்நோக்கி அழுத்தும் எடை பெரிய சிக்கல் அன்று. பக்கவாட்டில் காற்று தள்ளும் விசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பலகை என்பது கப்பலின் பாயைப் போன்றது, கட்டடம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய பாய்மரம்.

காற்று விசையைக் கணக்கிட ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதித்தொகுப்பின் மூன்றாம் பகுதியைப் பயன்படுத்துகிறோம். இதன் தற்போதைய பதிப்பு 2015ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் வரைபடத்தில் நம் மாவட்டம் வினாடிக்கு 39 மீட்டர் காற்று வேக மண்டலத்திலும், சென்னை 50 மீட்டர் மண்டலத்திலும் உள்ளன. 39 மீட்டர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் மூன்று வினாடி வீசும் உச்ச வீச்சாக, ஐம்பது ஆண்டு காலத்தைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்ட வேகம் அது. இந்த வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். அது ஏறத்தாழ 913 நியூட்டன், நமக்குப் புரியும் கணக்கில் 93 கிலோ. உங்களிடம் கேட்கப்படும் பலகையின் பரப்பு 18.6 சதுர மீட்டர். தனித்து நிற்கும் பலகைக்கு விதித்தொகுப்பு தரும் விசைக் கெழு, அதாவது அழுத்தத்தோடு பெருக்க வேண்டிய எண், குறைந்தது 1.2. எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள், இரண்டு டன்னைத் தாண்டும். உயரம், சுற்றுப்புறம், நில அமைப்பு ஆகியவற்றுக்கான திருத்தங்களைச் சேர்த்தால் இது சற்றுக் கூடலாம் அல்லது குறையலாம். ஆனால் நீங்கள் எதிர்கொள்ளும் விசையின் பருமன் இதுதான்.

இந்த இரண்டு டன், பலகையின் நடுவில், அதாவது தளத்திலிருந்து எட்டடி உயரத்தில் தள்ளுகிறது. சட்டத்தின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஐந்தடி இடைவெளி இருப்பதாகக் கொண்டால், காற்று வரும் பக்கத்துக் கால்கள் அனைத்தும் சேர்ந்து மூன்று டன்னுக்கும் மேலான விசையோடு மேல்நோக்கிப் பிடுங்கப்படும். காற்று திசை மாறினால் மறுபக்கக் கால்களுக்கும் அதே நிலைதான். ஐந்தடி உயர்த்துவோம் என்று அவர்கள் சொன்னார்களே, அதைச் செய்தால் எட்டடி பதின்மூன்றடியாகி, பிடுங்கும் விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். பலகையின் அளவு ஓர் அங்குலம்கூட மாறாமலே இது நடக்கும்.

இப்போது இந்த விசையை எதில் கட்டப்போகிறார்கள் என்று பாருங்கள். கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர். மனிதர் தவறி விழாமல் தடுப்பதற்காகக் கட்டியது. அதில் அடித்த போல்ட் செங்கலைப் பெயர்த்துக்கொண்டு வரும், அந்தச் செங்கல் விழுவது நடைபாதையில். தூண் கம்பிகளின் நிலை அதைவிடக் கவலைக்குரியது. 1998 முதல் மழையிலும் உப்புக் காற்றிலும் நின்ற கம்பி, தளத்தோடு சேரும் இடத்தில்தான் அதிகமாக அரித்திருக்கும். மேலும், அந்தக் காலத்தில் பரவலாகப் பயன்பட்ட முறுக்குக் கம்பிகள், சூடேற்றாமல் முறுக்கியே வலுவேற்றப்பட்டவை. அவற்றின்மீது வெல்டிங் செய்தால், அந்தச் சூட்டில் முறுக்கினால் கிடைத்த வலுவின் ஒரு பகுதி போய்விடும். எனவே அந்தக் கம்பிகளில் எதையும் பற்றவைக்க அனுமதிக்காதீர்கள்.

முறையாகச் செய்வதென்றால், தூணுக்குத் தூண் இரும்பு உத்தரம் போட்டு, அதன்மேல் சட்டத்தை நிறுத்த வேண்டும். தளத்தின் சிலாபுக்கு விசை போகவே கூடாது. தூண் வழியாக அடித்தளம் வரை அது இறங்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தன் பத்தாம் பகுதியில் விளம்பரப் பலகைகளுக்கென்று ஒரு பிரிவையே ஒதுக்கியுள்ளது. கூரைமீது வைக்கும் பலகையின் விசை கட்டடத்தின் தாங்கும் உறுப்புகளுக்குப் பாதுகாப்பாகப் பகிர்ந்து செல்ல வேண்டும், சட்டம் எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், கூரையின் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குச் செல்லும் வழியை அது மறைக்கக் கூடாது, கட்டட எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பவை அதன் சாரம். வழியை மறைக்கக் கூடாது என்ற விதியைச் சிறியதாக எண்ண வேண்டாம். கீழே தீப்பிடித்தால் தையல் நிலையத்துப் பெண்கள் ஓடி ஏறும் இடம் மட்டுப்பாதான்.

இன்னொன்று. நிறுவனத்தார் ஒரு பொறியாளர் சான்றிதழைக் காட்டக்கூடும். அதில் எழுதியிருப்பது பலகைச் சட்டத்தின் உறுதியா, அல்லது உங்கள் கட்டடம் அதைத் தாங்கும் என்பதா என்று வரிக்கு வரி படித்துப் பாருங்கள். சட்டத்துக்குக் கொடுத்த சான்று கட்டடத்துக்கான சான்று ஆகாது.

பதில்: இரும்புப் பணிமனை நடத்துபவர், தக்கலை

பொறியாளர் ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சட்டங்களை அடித்தும் கழற்றியும் வருபவன் என்ற முறையில், நான் கையால் தொட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் ஒரு கடையின் மாடியில் நின்ற சட்டத்தைப் பார்க்க அழைத்தார்கள். வைத்து நான்கே ஆண்டுகள். வெள்ளிநிறப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. சிறு சுத்தியலால் சதுரக் குழாயைத் தட்டிக்கொண்டே கீழே வந்தேன். நெஞ்சுயரத்தில் கணீரென்று கேட்ட ஒலி, அடித்தட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே வந்தபோது ஓட்டைப் பானையைத் தட்டியது போல் மங்கியது. அந்த இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. குழாயின் மேல்முனையை மூடாமல் விட்டிருந்ததால், மழைநீர் உள்ளே இறங்கித் தேங்கி, உள்ளிருந்தே அரித்திருக்கிறது. வெளியே நிற்பவருக்கு பெயின்ட்தான் தெரியும், இரும்பு தெரியாது. இதனால்தான் குழாயின் மேல்முனையைத் தகடு வைத்து அடைக்க வேண்டும் என்றும், கடற்காற்று படும் இடத்தில் துத்தநாகம் பூசிய இரும்புதான் வேண்டும் என்றும் வற்புறுத்துகிறோம். அதற்கு விலை கூடும் என்பதால் பலர் ஒப்புக்கொள்வதில்லை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் மேலைக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்பதை நாம் எல்லோரும் அறிவோம். மார்த்தாண்டத்தில் அந்த அளவுக்கு வீசாது என்றாலும், மே மாத இறுதியில் ஒரு முறையும் செப்டம்பர் இறுதியில் ஒரு முறையும் ஒவ்வொரு போல்டையும் ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் பார்த்தாக வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஃபிளெக்ஸை இறக்கிச் சுருட்டி வைத்துவிட வேண்டும். வெறும் சட்டத்தின் வழியே காற்று பெரும்பாலும் புகுந்து போய்விடும். காற்றுக்குக் கிழிந்து போகட்டும் என்று ஃபிளெக்ஸை மெல்லிய கயிற்றில் கட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அதை நான் செய்ய மாட்டேன். கிழிந்த ஃபிளெக்ஸ் பறந்து பாலத்தில் வரும் இருசக்கர வாகன ஓட்டியின் முகத்தை மூடினால் என்ன ஆகும்?

பலகை நிற்கும்போது மட்டுமல்ல, ஏற்றும்போதும் இறக்கும்போதும் உயிர்கள் போகின்றன. 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே பலகை பொருத்திக்கொண்டிருந்தபோது காற்றில் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2018 அக்டோபர் 5 அன்று புனேயில் பழைய சட்டத்தை அகற்றும் பணியின்போது அது சாலையில் நின்ற வாகனங்கள்மீது சாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். சட்டத்தை எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் பிரிக்க வேண்டும், காலில் கை வைப்பது கடைசி வேலை. கடற்காற்று வலுக்கும் பிற்பகலைத் தவிர்த்துக் காலையில் வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக் கச்சையின் கயிற்றை, பிரித்துக்கொண்டிருக்கும் அதே சட்டத்தில் மாட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். சட்டம் சரிந்தால் கச்சை அணிந்தவரும் அதோடு போவார். உங்கள் மாடியில் யார் வேலை செய்தாலும் இதைக் கேளுங்கள், ஐயா. அவர்கள் நம் ஊர்ப் பையன்கள்.

பதில்: மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், குழித்துறை

மின்கம்பி குறித்து மட்டும் சொல்கிறேன். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, 11 கே.வி. வரையிலான உயர் அழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், கம்பி கட்டடத்தின் மேலாகச் சென்றால் செங்குத்தாக 3.7 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும். 1.2 மீட்டர் என்பது நான்கடி. உங்களிடம் இருப்பது ஐந்தடி என்கிறீர்கள். பலகை சுவரைத் தாண்டி ஓரடி வெளியே நீட்டினாலே விளிம்புக்கு வந்துவிடும். காற்றில் கம்பி ஊசலாடுவதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடாது. கடையில் கிடைக்கும் இரும்புக் குழாயின் நீளம் 20 அடி. அதை மாடிக்கு ஏற்றித் திருப்பும்போது முனை எங்கே போகிறது என்பதைப் பின்னால் பிடித்திருப்பவர் பார்ப்பதில்லை. எனவே வேலை நடக்கும் நாளில் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மின்தடை பெற்ற பிறகே ஒரு குழாயாவது மேலே ஏற வேண்டும். விளக்கு போடுவதானால் அதற்குத் தனி வணிக இணைப்பு, சட்டத்துக்கு முறையான நிலத்தொடர்பு (எர்த்), 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஆகிய மூன்றும் வேண்டும். உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து இழுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவும் துணி காயப்போடவும் ஈரக் கையோடு மட்டுப்பாவுக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டார்.

கேட்டவர்: கட்டட உரிமையாளர், மார்த்தாண்டம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை சுத்தியலோடு மேலே போய்ப் பார்த்தேன். முன்வரிசையில் உள்ள நான்கு தூண்களில் இரண்டின் கம்பிகளைத் தட்டியபோது துரு அப்பளம் போல் அடுக்கடுக்காக உதிர்ந்தது. ஒரு கம்பி அடியில் பென்சில் கனத்துக்குத் தேய்ந்திருக்கிறது. அப்பா அருகில் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுப்பு எங்களுக்கு இல்லை என்று நிறுவனத்தார் ஒப்பந்தத்தில் எழுதித் தருவதாகச் சொல்கிறார்கள். அது சட்டப்படி செல்லுமா?

பதில்: வழக்கறிஞர், குழித்துறை

அப்படி எழுதுவது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான ஏற்பாடு மட்டுமே. பலகை விழுந்து காயம்பட்டவரையோ இறந்தவரின் குடும்பத்தையோ அது கட்டுப்படுத்தாது. பிறகு நிறுவனத்திடம் பணத்தை வசூலிக்க அந்தத் தாள் உதவலாம், அந்த நிறுவனம் அப்போது இருந்தால். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்கீழ் குற்றம். குற்றப் பொறுப்பை ஒப்பந்தம் எழுதி இன்னொருவர் தலையில் மாற்றிவிட முடியாது.

நகர்ப்புறங்களில் விளம்பரப் பலகைகளை 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்கு உட்பட்டது என்பதால், அங்கே உரிமம் பெறாமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. விண்ணப்பித்துவிட்டோம் என்பதும் உரிமம் பெற்றுவிட்டோம் என்பதும் வேறு வேறு. உரிம எண், அளவு, காலக்கெடு ஆகியவை குறித்த ஆணையின் நகலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் விழுந்து 17 பேரைக் கொன்ற பலகையின் அளவு 120 அடிக்கு 120 அடி. அந்நகரில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவோ 40 அடிக்கு 40 அடி. உங்களிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்ன அந்த ஐந்தடியை நான் அவ்வளவு இலகுவாக விட்டுவிட மாட்டேன்.

எப்படியும் கொடுப்பது என்று முடிவு செய்தால், பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பெயரும் இடம்பெற வேண்டும். ஆண்டுக்கு இரு முறை ஆய்வு, புயல் எச்சரிக்கையின்போது ஃபிளெக்ஸை இறக்கும் கடமை, ஒப்பந்தம் முடிந்ததும் குறித்த நாட்களுக்குள் சட்டத்தை அகற்றி ஓட்டைகளை அடைத்துத் தருவது, அதற்கான முன்பணம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

பதில்: கடை உரிமையாளர், குளச்சல்

அகற்றுவது பற்றி வழக்கறிஞர் சொன்னதை அனுபவத்தில் உணர்ந்தவன் நான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு இடம் கொடுத்தேன். முதல் ஆண்டு வாடகை ஒழுங்காக வந்தது, இரண்டாம் ஆண்டு நின்றது, பிறகு அலைபேசியை எடுப்பவரே இல்லை. சட்டம் மட்டும் என் தலைக்குமேல் நின்றது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இரவில் காற்று எழுந்தால் நானும் எழுந்து மேலே போய் டார்ச் அடித்துப் பார்ப்பேன். கடைசியில் என் செலவில் கழற்றியபோது, அவர்கள் சிலாபில் துளையிட்ட ஒன்பது இடங்களில் ஆறு இடங்களில் நீர் இறங்கி, கீழ்த்தளத்துக் கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. வாங்கிய வாடகையைவிட அதைச் சரிசெய்ய ஆன செலவு அதிகம்.

கேட்டவர்: கட்டட உரிமையாளர், மார்த்தாண்டம்

அப்பாவோடு பேசி முடிவெடுத்துவிட்டோம். நிறுவனத்தாரிடம் முடியாது என்று இன்று மாலை சொல்லிவிட்டேன். மருந்துக் கடைக்காரர் தன் கடைப் பெயரைத் தரைத்தளச் சுவரோடு ஒட்டியபடி சிறிய பலகையாக வைக்கக் கேட்டிருக்கிறார். அதை மட்டும் நகராட்சியில் விசாரித்துச் செய்வோம். பொறியாளர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: நிற்கும் அந்தத் தூண் கம்பிகளை என்ன செய்வது?

பதில்: கட்டமைப்புப் பொறியாளர், நாகர்கோவில்

அப்படியே விட வேண்டாம். துரு கம்பி வழியாகத் தூணுக்குள் இறங்கினால் தூணின் தலை வெடிக்கும். மேல் மாடி எழுப்பும் எண்ணம் இனி இல்லையென்றால், தூணின் தலையைச் சுற்றித் தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சற்றுக் கீழிறக்கி வெட்டி, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, சுருங்காத கலவையால் மூடிவிடுங்கள். எண்ணம் இருந்தால் வெட்டாமல், இதே போல் சுத்தம் செய்து பூசி, சுற்றிலும் கான்கிரீட் போட்டு மூடி வையுங்கள். அடியில் பென்சில் கனத்துக்குத் தேய்ந்த அந்தக் கம்பி உள்ள தூணை மட்டும் யாரையாவது நேரில் அழைத்துக் காட்டிய பிறகு தொடுங்கள். மழை தொடங்குமுன் செய்துவிடுவது நல்லது.